சைக்கிளும் அந்தஸ்தும்

"என்ன தம்பி, இத்தனை வருசமாய் வெளிநாட்டில இருந்தும் இன்னும் சைக்கிளோ?" என்று கேட்டார் சித்தப்பா. நெதர்லாந்தில் நான் சைக்கிளில் வேலைக்குப் போவதாகத் தொலைபேசியில் சொன்னதற்கு வந்த பதில் அது. இங்கே வைத்தியர்களும் சைக்கிளில்தான் போகிறார்கள் என்றேன். "அவையள் விருப்பத்துக்கு ஓடினம். எங்களுக்கு அது விதி" என்றார். அந்தப் பதில் யோசிக்க வேண்டிய ஒன்று.

சைக்கிளைப் பற்றி நம்மிடையே இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அது டச்சுக்காரரின் கலாசாரம் என்பது. மற்றது, மூன்றாம் உலகத்தினர் அதைத் தாழ்வாக நினைப்பது வெறும் போலிக் கௌரவம் என்பது. இரண்டையும் நான் ஏற்கவில்லை.

இங்கும் 1950களிலும் 60களிலும் கார்கள் பெருக, சைக்கிள் ஓடுவது குறைந்துகொண்டே போனது. 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் 3000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். 'சிறுவர் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் வீதியில் இறங்கினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. நாம் இன்று வியக்கும் சைக்கிள் பாதைகளிற் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் வந்தவை. அவை மரபுரிமையல்ல, போராடிப் பெற்றவை.

சீனாவில் நடந்தது இதற்கு எதிர்மாறானது. 1970களில் திருமணம் செய்வோர் ஆசைப்பட்ட பொருட்கள் சைக்கிள், கைக்கடிகாரம், தையல் இயந்திரம். 2010இலோ, சைக்கிளில் சிரிப்பதைவிடக் காருக்குள் அழுவது மேல் என்ற பொருள்பட ஓர் இளம்பெண் தொலைக்காட்சியில் சொன்னது நாடெங்கும் விவாதமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் சைக்கிளுக்கிருந்த வீதியைக் கார்கள் பிடித்துக்கொண்டன. கல்கத்தாவில் 2013இல் 174 வீதிகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பால்காரரும் பத்திரிகை விற்பவரும் தண்டம் கட்டினர். வீதியில் இடமில்லாதவனுக்கு ஊரிலும் மதிப்பில்லை.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1990இல் பெற்றோல் தடைப்பட்ட பின் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போயினர். டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பல குடும்பங்களின் வீடே சைக்கிள் கரியரில்தான் போனது. அந்த நினைவுள்ளவருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமல்ல. முற்றுகை முடிந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் இலங்கையில் பலர் சைக்கிளுக்குத் திரும்பியதும் விரும்பியல்ல.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓடப் பழகினர். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் தகப்பனையோ கணவனையோ அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முற்றுகையில் விதியாக இருந்த அதே வண்டி அங்கே விடுதலையானது.

ஆகவே, மனப்பான்மையை மாற்றுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. பாதுகாப்பான பாதையும், வேண்டாமென்றால் ஏறிப்போக ஒரு பஸ்ஸும் இருக்குமிடத்தில்தான் சைக்கிள் ஒரு தெரிவாகும். மதிப்பும் அதன் பிறகுதான் வரும்.

நம்மைப் பற்றியும் ஒரு கேள்வி. ஊருக்குப் போகும்போது வாடகை வானை விட்டுவிட்டுச் சைக்கிளில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் போனதில்லை. சித்தப்பாவுக்கு அது மரியாதைக் குறைவாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.