சென்கிளயருக்கு ஒரு நாளில் 54,000 அலகு

தலவாக்கலைக்கு அருகே கொத்மலை ஓயா 80 மீற்றர் விழும் இடம்தான் சென்கிளயர் நீர்வீழ்ச்சி. 2012 ஜூலையில் மேல் கொத்மலை மின்நிலையம் திறக்கப்பட்ட பிறகு, ஆற்றின் பெரும்பங்கு நீர் அதற்கு வருவதில்லை. 35.5 மீற்றர் உயர அணை அதை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது. கொள்திறன் 150 மெகாவாற். ஆண்டு உற்பத்தி 40.9 கோடி அலகு. ஜப்பான் தந்த கடன் 3,300 கோடி யென்னுக்கு மேல். வீடு விட்டு வெளியேறியவை ஏறத்தாழ 500 குடும்பங்கள்.

எதிர்ப்பு வலுத்ததால் அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தது: நாள்தோறும் பகலில் பத்தரை மணிநேரம், 47,250 கன மீற்றர் நீர் நீர்வீழ்ச்சிக்கு விடப்படும். செக்கனுக்கு 1.25 கன மீற்றர். வன்னி விவசாயி அளக்கும் கணக்கில் 38 ஏக்கர் அடி. இரணைமடுக் குளம் கொள்வதோ ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கும் மேல்.

அந்த நீரைச் சுரங்கத்துக்குள் விட்டால் என்ன கிடைக்கும்? நீர் இறங்கும் உயரம் 470 மீற்றர் அளவில். இழப்புகளைக் கழித்தால் ஒரு கன மீற்றருக்குச் சுமார் 1.15 அலகு. நாளுக்கு 54,000, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி அலகு. மொத்த உற்பத்தியில் 5 வீதம்.

இது சின்னத் தொகை இல்லை. நாளுக்கு 2 அலகு எரிக்கும் வீடுகள் 27,000 இதில் ஓடும். போர் முடியும்வரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்த முள்ளிவாய்க்கால் பிள்ளைகளுக்கு அதன் பெறுமதி தெரியும். அப்படியிருந்தும் இந்த 5 வீதத்தை நீர்வீழ்ச்சிக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம் என்பேன். மிச்சம் 95 வீதமும் மின்சாரத்துக்குத்தானே போகிறது.

நோர்வேயிலும் இதே பேரம் நடந்தது. 182 மீற்றர் வோரிங்ஸ்பொசன் நீர்வீழ்ச்சியின் நீர் 1,120 மெகாவாற் சிமா மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. ஆனால் ஜூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை செக்கனுக்கு 12 கன மீற்றர் விட்டே ஆகவேண்டும். நம்முடையதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். குளிர்காலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அங்கே பருவம், இங்கே பகல்: இரண்டுமே பார்க்க வருபவரை வைத்துப் போட்ட கணக்கு. ஆற்றில் வாழும் மீனுக்கும் கரை மரத்துக்கும் இரவிலும் நீர் வேண்டும். பகல் அளவில் பாதியை இரவு முழுக்க விட்டால் ஆண்டுக்கு மேலும் 1.3 கோடி அலகு, அதாவது 3 வீதம், குறையும். மின்சார சபை அதையும் ஏற்கவேண்டும். வரட்சியைக் காரணம் காட்டி அந்த 47,250 இல் கை வைக்கவும் கூடாது.