எட்டுப் படத்தோடு சரி

1994-இல் ஆப்பிள் நிறுவனம் குவிக்டேக் 100 என்ற டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தது. நினைவகம் உள்ளேயே பதித்தது. வெறும் 1 மெகாபைட். தெளிவான படம் என்றால் 8 தான் கொள்ளும். பிறகு கேபிள் மாட்டிக் கணினிக்கு ஏற்ற வேண்டும். கண் மூடிய ஒரு படத்தை மட்டும் கேமராவிலேயே அழிக்கவும் வழியில்லை. அழித்தால் அத்தனையும் போய்விடும். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளை அழைப்போடு முடிந்தது கதை!

கழற்றி மாட்டும் மெமரி கார்டு இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அப்படிக் கேமராவில் போடும் எஸ்டி கார்டின் இடது ஓரத்தில், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. திடீரென்று படம் பதிய மறுத்தால், கார்டு கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடுமுன், அந்தப் பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.