பாத்ரூம் கண்ணாடிக் கதவு: ஒரு ஆடிட்டர் 6,500 ரூபாய் "மிச்சம்" பிடிச்ச கதை

வீட்டுக் கடன் டாப்-அப் பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: "புது ஃப்ளாட்டுக்கு இன்டீரியர் பண்றோம், பாத்ரூம்ல ஃப்ரேம்லெஸ் கண்ணாடிக் கதவு போடலாமா, இல்ல காசு வேஸ்டா?"

பதிலுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறேன். 2021-ல எங்க ஃப்ளாட்டுக்கு ரெண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒண்ணு ஜிஎஸ்டி பில்லோட 38,000 ரூபாய். இன்னொருத்தர், "பில் வேண்டாம்னா 31,500-க்கு முடிச்சுத் தரேன் சார்" என்றார். ஊருக்கெல்லாம் "பில் வாங்குங்க"ன்னு சொல்றவன் நான். அன்னைக்கு தலையை ஆட்டிட்டு ரொக்கமா எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் டிசம்பர்ல ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா கதவே இல்லை. தரை முழுக்க கல்கண்டு மாதிரி கண்ணாடித் துண்டு. சாயங்காலம் அதே இடத்துலதான் என் நாலு வயசுப் பையன் ஆவி படிஞ்ச கண்ணாடியில விரலால படம் வரைஞ்சுக்கிட்டிருந்தான். காலையில கடைக்கு போன் பண்ணேன். "எந்த கிளாஸ் சார்? பில் நம்பர் சொல்லுங்க" என்றார்கள். என்ன சொல்றது?

புதுக் கதவு மாட்ட வந்தவர் பழைய இடத்தைப் பார்த்ததும் காரணத்தைக் காட்டிட்டார். கீழே டைல்ஸ்ல வளைவா ஒரு கீறல். ஹிஞ்ச் ஸ்க்ரூ துருப்பிடிச்சு கதவு கொஞ்சம் இறங்கி, அதோட கீழ் மூலை ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் டைல்ஸ்ல உரசியிருக்கு. டஃபன்ட் கண்ணாடி நடுவுல பலசாலி, ஓரத்துல பலவீனம். மூலையில சின்னதா சிதைஞ்சாலும் போதும், எப்பவோ ஒருநாள் மொத்தமா உதிரும். ஹிஞ்ச் சரியா இருந்தும் எப்பவாவது உடையறது உண்டு. தயாரிக்கும்போதே உள்ள மாட்டின நிக்கல் சல்ஃபைடு துகள் அதுக்கு ஒரு காரணம். ஹீட் சோக் டெஸ்ட் பண்ண கண்ணாடியில இந்த ஆபத்து ரொம்பக் குறைவு, ஆனா விலை கூடும்.

அதனால கண்ணாடியை விட ஹிஞ்ச் மேல கவனம் வையுங்க. கணக்கு ரொம்ப எளிது: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. இரண்டரை அடிக்கு ஆறரை அடி கதவு ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். 8 எம்எம்னா 30 கிலோ, 10 எம்எம்னா கிட்டத்தட்ட 38 கிலோ. இவ்வளவு எடையை வருஷக்கணக்கா ஈரத்துல தாங்கப்போறது ரெண்டே ஹிஞ்ச். எஸ்எஸ் 304 இல்லைன்னா பித்தளை கேளுங்க. 202 கிரேடுல நிக்கல் குறைவு, போர் தண்ணிக்கு தாக்குப்பிடிக்காது. "காந்தம் ஒட்டலை, 304-தான்" என்று கடையில சொன்னா நம்பிடாதீங்க. 202-லயும் காந்தம் ஒட்டாது. கிரேடை பில்லுல எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தா அதுவே உங்களுக்குப் பதில்.

சாதாரண அளவுள்ள கதவுக்கு 8 எம்எம் போதும். உயரமோ அகலமோ கூடினா 10. எல்லாருக்கும் 12 எம்எம் தள்ளி விடறவங்க உங்க ஹிஞ்சுக்கும் சேர்த்துத்தான் சுமை ஏத்தறாங்க. கண்ணாடி மூலையில ஐஎஸ் 2553 முத்திரை அழியாதபடி பதிஞ்சிருக்கணும், மாட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. டைல்ஸ் வேலை முடிஞ்ச பிறகுதான் அளவு எடுக்கணும். டஃபன் பண்ண பிறகு அரை இஞ்சு கூட வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, அளவு தப்பினா அந்தக் கண்ணாடி குப்பைக்குத்தான்.

கொட்டேஷன்ல இன்னொரு இடத்துல காசு கசியும். கண்ணாடிக்கு சதுர அடி ரேட் சொல்வாங்க, அளவை மேல தூக்கிக் கணக்கு போடுவாங்க. உங்க கதவு 29-க்கு 75 இஞ்சு, அதாவது 15.1 சதுர அடி. அதை 30-க்கு 78 ஆக்கினா 16.25. சில கடைகள்ல இது வழக்கம்தான், ஆனா முன்னாடியே கேட்டுக்கணும். ஹிஞ்ச், கைப்பிடி, சீல், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை வெச்சு ரெண்டு கடையை ஒப்பிடுங்க. கார்டுல நோ-காஸ்ட் ஈஎம்ஐ போட்டா, கழிச்சுக் கொடுக்கற அந்த வட்டிக்கும் 18% ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்ல வரும். பிராசஸிங் ஃபீஸ் தனி.

வரியில ஏதாவது கிடைக்குமா? பெரிசா எதிர்பார்க்காதீங்க. நீங்களே குடியிருக்கற வீட்டைப் புதுப்பிக்கக் கடன் வாங்கினா, பழைய வரி முறையில வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அதுவும் அந்த 2 லட்சம் வரம்புக்குள்ளதான். புது முறையில ஒண்ணுமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா பராமரிப்புக்குன்னு 30% எப்படியும் கழிக்கறாங்க, கதவு பில்லைத் தனியா காட்ட முடியாது. விக்கும்போது முதல் தடவை போட்ட கதவை மேம்பாட்டுச் செலவுன்னு வாதாடிப் பார்க்கலாம், பில்லும் வங்கி வழியா பணம் கட்டின ஆதாரமும் இருந்தா. உடைஞ்சதை மாத்தறது வெறும் ரிப்பேர்.

வாடகை வீட்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு போடாதீங்க, ஒரு ஷவர் திரை போதும். சொந்த வீட்ல, வெளிப்பக்கம் தரை காய்ஞ்சு இருக்கணும், வீட்ல வழுக்கி விழற வயசுல யாராவது இருக்காங்கன்னா அது நியாயமான செலவு. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டுத்தான் போடணும்னா ஆறு மாசம் தள்ளிப் போடுங்க.

பராமரிப்புல பாதி வேலை வைப்பருக்குத்தான். குளிச்சு முடிச்சதும் முப்பது செகண்ட், மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. எங்க ஏரியா மாதிரி போரும் லாரித் தண்ணியும் கலந்து வர்ற இடத்துல, ஒரு வாரம் விட்டாலே உப்புக்கறை வெள்ளையா பூத்துடும். வாரத்துக்கு ஒருமுறை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தெளிச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு நல்லா கழுவுங்க. மார்பிள் இருந்தா அது மேல படக்கூடாது, அரிச்சுடும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர் பக்கத்துலயே வரக்கூடாது, 304 ஸ்டீலையும் அது குழி பறிக்கும். ஸ்டீல் ஸ்க்ரப்பரும் வேண்டாம். கீழே இருக்கற பிவிசி சீல் மஞ்சளாகி விறைச்சுப் போனா மாத்திடுங்க, கதவோட ஒப்பிட்டா அது சில்லறைச் செலவு.

அப்புறம் மாசம் ஒருமுறை, சம்பளம் வந்த நாள்னு வெச்சுக்கங்களேன், கதவை மெதுவா திறந்து மூடி கீழே ஒரு விசிட்டிங் கார்டை ஓட்டிப் பாருங்க. எங்கேயாவது கார்டு மாட்டினா அன்னைக்கே ஃபிட்டரைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் குழந்தைகளை அந்த பாத்ரூமுக்கு அனுப்பாதீங்க.