தீவகத்தில் தாயும் மூதாட்டியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியே புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிற் பிரயாணஞ் செய்தே சேரவேண்டிய நெடுந்தீவில், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் மனம் காரணமின்றிச் சோர்ந்துபோனால், அதனை முதலில் உணரக்கூடியவர் வீடு தேடி வரும் குடும்பநல மாதுதான்.

அவருக்குத் துணையாக ஓர் ஆராய்ச்சிக் கருவி உண்டு. ஸ்கொத்லாந்தில் ஜோன் கொக்ஸ், ஜெனிபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவர் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாட்களின் மனநிலையைப் பத்து வினாக்களால் அறிய முயல்கிறது. களைப்பும் பசியின்மையும் பிரசவித்த பெண் எவருக்கும் இயல்பாகையால், அவற்றை அது வினவுவதில்லை. உறக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதும், மனவருத்தத்தால் உறக்கம் கெட்டதா என்றே கேட்கிறது. வியக்கத்தக்க ஒற்றுமை யாதெனில், அமெரிக்காவில் யெசவேஜ் என்பவரும் சகாக்களும் 1983 அளவில் முதியோருக்காக வகுத்த மனச்சோர்வு அளவுகோலும் இதே நியாயத்தைக் கைக்கொண்டதாகும்: மூட்டு நோவும் துயில் குறைவும் விருத்தாப்பியத்துக்கு உரியவையாதலால், அவற்றை விலக்கி மனத்தை மட்டுமே அது விசாரிக்கிறது.

ஆனால் நம்மவர் துயரத்தை உடம்பின் வழியாகவே சொல்லிப் பழகியவர்கள். "நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் உளையுது" என்பவரிடம் வினாத்தாள் மட்டும் போதாது. அமர்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும். அவ்வாறு கேட்பதே சிகிச்சையாகும் என்பதை ஹோல்டனும் சகாக்களும் 1989இல் நிரூபித்தனர். வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரத் தாதியர் சிறிது பயிற்சி பெற்று, வாரம் ஒருமுறையாக எட்டு வாரம் சென்று, புத்திமதி கூறாமல் செவிமடுத்ததில், 26 தாய்மாருள் 18 பேர் முற்றாகக் குணமடைந்தனர். வழமையான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேருள் குணமடைந்தோர் 9 பேரே. பாகிஸ்தானின் கிராமங்களில் அதிப் ரஹ்மான் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்விலும், கிராமச் சுகாதாரப் பெண்கள் பயிற்சியுடன் சென்று பேசிய தாய்மாரிடையே ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு 23 வீதமாகவும், ஏனையோரிடம் 53 வீதமாகவும் இருந்தது. நிபுணர்கள் அரிதாகிய இடங்களுக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

முன்னாளில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை சரக்குக் கறி ஆக்கிக் கொடுத்து, இரவிற் பிள்ளையை மடியிலேந்தித் தாயை உறங்கவைத்தவர் வீட்டு மூதாட்டியே. 1990களின் யுத்தமும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைக் குடும்பங்களைப் பாரெங்கும் சிதறடித்தமையால், ஆச்சியில்லாத பிள்ளைத்தாய்ச்சியும், பிள்ளைகளில்லாத ஆச்சியும் அயலயல் வளவுகளிலே தனித்திருக்கின்றனர். ஆராய்ச்சியாளரோ தாய்மை ஒரு துறை, முதுமை மற்றொரு துறை எனப் பிரித்து ஆராய்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் பயிலும் மாணவர் சிலரேனும் இவ்விரு வளவுகளையும் ஒரே வருகையில் கண்டு, கேட்டு, எழுதிவைப்பார்களாயின், எந்த வினா தீவகத்தாருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது நமக்கே தெளிவாகும். எடின்பரோ அளவுகோலின் பத்தாவது வினா, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. அதற்கு ஒரு தாய் ஆமெனத் தலையசைத்தால், அன்றைய கடைசிப் படகு போய்விட்ட பின்னும் அவளைக் கரைசேர்க்கும் ஒழுங்கு முன்கூட்டியே செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.