குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கும் முன்

நாட்டுக்கோழி வளர்க்கும் நம் தாய்மார்கள் சிலர், இன்குபேட்டர் வாங்க கர்ளு ஹஸனா கேட்டு வருகிறார்கள். வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். மெஷின் சரியில்லை என்றால் முட்டையும் போகும், தவணையும் நிற்கும்.

முதலில், மெஷின் தேவைதானா என்று பாருங்கள். ஓர் அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையைப் பொரித்து, குஞ்சுகளையும் தானே மேய்த்துக்கொள்ளும். மெஷினில் பொரித்த குஞ்சுக்கோ பல்பு வைத்துச் சூடு கொடுக்க வேண்டும். அந்தச் செலவு தனி. முட்டை நிறையச் சேர்கிறவர்களுக்கும், காடை வளர்ப்பவர்களுக்கும்தான் மெஷின் கட்டும். காடை பெரும்பாலும் அடை உட்காராது.

கடையில் எத்தனை முட்டை கொள்ளும் என்றுதான் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது, சூடு ஒரே அளவில் நிற்குமா என்பதை. காற்றாடி உள்ள மெஷினில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கோழி முட்டைக்கு 21 நாள், காடைக்கு 17, 18 நாள், வாத்துக்கு 28 நாள்.

முட்டை வைக்கும் முன் இரண்டு நாள் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை முட்டைத் தட்டில் வையுங்கள். ஏறிய அளவிலேயே அது நின்றுவிடும் என்பதால், இரவில் சூடு எவ்வளவு கூடியது என்பது காலையில் தெரிந்துவிடும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 103, 104 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்குச் சம்மதித்தால்தான் வாங்குவோம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

சூடு சற்றுக் குறைந்தால் பெரும்பாலும் குஞ்சு தாமதமாக வரும். கூடினால் கரு செத்துவிடும். மெஷினுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ஆகவே மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் எந்த மெஷினும் உதவாது. ஓட்டு வீட்டின் உள்ளறையில் வையுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுமா என்று கேளுங்கள். ஓடாது என்றால், கரண்ட் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். கடைசி வாரத்தில் முட்டைகளே சூடு விடும், காற்றும் கேட்கும். அப்போது காற்றுத் துளையை அடைக்கவே கூடாது.

பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் தகரப் பெட்டியும் ஒயர் முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் பெட்டி நல்லது. ஈரத்தட்டில் உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீரே ஊற்றுங்கள். காற்றாடியும் சூடு கட்டுப்படுத்தும் கருவியும் உள்ளூரில் மாற்றக் கிடைக்குமா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இராமநாதபுரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. வாங்கும் முன் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு, பிறகு மனுவோடு வாருங்கள்.