கிளம்பாத செயின்சாவும் ஈதர் ஸ்பிரேயும்: ஆபத்து, உரிமை, நிவாரணம்

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே என்று உதிரிபாகக் கடைகளில் விற்கும் டின்னில் முதன்மையாக இருப்பது டைஎதில் ஈதர். ஹெப்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களும், திரவத்தை வெளியே தள்ளப் புரொப்பேன், பியூட்டேன் அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயுவும் அதனுடன் சேர்ந்திருக்கும். ஈதர் 34.6 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கோடைப் பகலின் வெயிலே அதற்குப் போதும். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈதருக்கு 160 முதல் 180 டிகிரியே போதும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். ஈதர் ஆவியோ சுமார் 2 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரையிலும் பற்றும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அந்த ஆவி மேலே கலைந்து போவதில்லை. தரையோடு தவழ்ந்து, பட்டறையின் பள்ளங்களில் தங்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்து கிடக்கும் என்ஜின் எளிதில் கிளம்பாது. தைலமரம், சில்வர் ஓக் அறுப்பவர்களும், மாமரங்களைக் கவாத்து செய்பவர்களும் பெரும்பாலும் பழைய செயின்சாக்களை வைத்தே பிழைக்கிறார்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தபின் ஓசூர் ஒரு வண்டித்தொழில் நகரமாகவே வளர்ந்தது. லாரியின் டீசல் என்ஜினுக்கு ஸ்பிரே அடித்துப் பழகிய கை, அதே டின்னைச் செயின்சாவுக்கும் எடுக்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

செயின்சா, புல்வெட்டும் மெஷின், முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயர் ஆகியவற்றில் பல டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் தனியாக என்ஜின் ஆயில் கிடையாது; பெட்ரோலில் கலந்து வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் ஒரே வழுவழுப்பு. ஈதர் அந்த ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. பெட்ரோல் வந்து சேரும் முன் என்ஜின் சில விநாடிகள் காய்ந்த உலோகத்தில் உலோகம் உரச, மிக வேகமாக ஓடுகிறது. ஒருமுறை அடித்தால் ஒன்றும் தெரியாது. தினமும் அடித்தால் பிஸ்டனில் கோடு விழும், ரிங் தேயும், கம்ப்ரஷன் இறங்கும். கம்ப்ரஷன் இறங்கிய மெஷின் பெட்ரோலில் கிளம்பாது என்பதால் இன்னும் அதிகமாக ஸ்பிரே கேட்கும். ‘மெஷின் ஸ்பிரேவுக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லப்படுவது உண்மையில் ஸ்பிரே உண்டாக்கிய நோய்.

கிளம்பாததற்கான காரணம் பெரும்பாலும் எளியது. 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் நீர் பிரிந்து அடியில் தங்கும்; பழைய மாடல்களின் ரப்பர் குழாயும் கார்புரேட்டரின் டயாஃப்ரமும் விறைத்துவிடும். எனவே முதலில் பழைய பெட்ரோலை வடித்துப் புதிதாகக் கலக்க வேண்டும். ஆயில் அளவு கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. அடுத்து பிளக், ஏர் ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர். சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷினை ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியில் தொங்கவிட்டால் அது விட்டுவிட்டு மெதுவாக இறங்க வேண்டும். தங்குதடையின்றி விழுந்தால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று பொருள். அப்போது தேவை ரிங்கும் பிஸ்டனும். கார்புரேட்டரில்தான் கோளாறா என்று அறிய ஈதர் வேண்டாம். ஆயில் கலந்த அதே பெட்ரோலைச் சில சொட்டு அதன் வாயில் விட்டு, ஏர் ஃபில்டரை மாட்டிவிட்டு இழுத்தால் போதும். மெஷின் ஓடி நின்றால், குழாய் அல்லது டயாஃப்ரத்தை மாற்ற வேண்டும்.

ஆட்களுக்கு நேரும் ஆபத்து மெஷினுக்கு நேர்வதைவிடக் கொடியது. ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் திறந்த கார்புரேட்டருக்குள் ஸ்பிரே அடிப்பது வழக்கமாக இருக்கிறது. என்ஜின் பின்னடித்தால் தீ நேராகக் கைக்கும் டின்னுக்கும் வரும். ஸ்பிரே அடித்தபின் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் துளைக்கு அருகிலேயே பொறி வருகிறதா என்று பார்ப்பது அதைவிட மோசம். அறுத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றதும் அடிப்பதும் அப்படியே: சூடான சைலன்ஸரின் வெப்பம் ஈதர் தானே பற்றும் அளவைத் தாண்டியிருக்கும், பொறிகூடத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் ஈதர் தீ மங்கலாகவே தெரியும் என்பதால், பிடித்ததை உணரும் முன் சட்டை எரியும். மூடிய ஷெட்டில் ஆவியைச் சுவாசித்தால் தலைசுற்றி மயக்கம் வரும். 1846 முதல் அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்தாகப் பயன்பட்ட பொருள் இது.

ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டர், பம்ப் போன்றவற்றுக்கு அடித்தே ஆக வேண்டுமென்றால், மெஷினின் கையேடும் டின்னின் லேபிளும் இரண்டுமே அனுமதிக்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். பீடியும் வெல்டிங்கும் அருகில் கூடாது. ஒரு விநாடிக்கு மேல் அடிக்காமல், ஃபில்டரை மூடி, டின்னைத் தூர வைத்துவிட்டு, கண்ணாடி அணிந்துதான் இழுக்க வேண்டும். இரண்டு முறையில் கிளம்பாவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. குளோ பிளக் அல்லது ஹீட்டர் உள்ள டீசல் என்ஜினில் ஈதர் உள்ளே போகும் வழியிலேயே வெடித்து ரிங்கை உடைக்கும், கனெக்டிங் ராடை வளைக்கும். அவற்றில் அடிக்கவே கூடாது.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, நெய் எதையும் தடவக் கூடாது. தீயைத் தண்ணீரால் அடிக்காமல் உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு கருவியால் அணைக்க வேண்டும். 108 வண்டி முதலில் ஓசூர் அரசு மருத்துவமனைக்கு வரும். கடுமையான காயத்துக்கு 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு விக்டோரியா மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு உண்டு.

இனி உரிமைகள். பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி டின்னில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார்த் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். பெரிய குறை ஒன்று இங்கே இருக்கிறது: அந்த விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் விதிக்குப் போதும். கயிற்றை இழுப்பவர் படிக்கக்கூடிய மொழியில் எச்சரிக்கை இல்லாத டின்னை அவர் கையில் கொடுப்பது நியாயமே இல்லை. டின்னை ரயிலில் கொண்டுவருவதும் குற்றம். ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

எல்லை ஊர்க்காரர்கள் பலர் மெஷினையும் உதிரிபாகத்தையும் பெங்களூரில் வாங்குகிறார்கள். கர்நாடகக் கடைமீது வழக்குப் போட அங்கேதான் அலைய வேண்டும் என்ற அச்சம் தேவையற்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளமும், தொலைபேசியில் 1915-உம் உண்டு. சொந்தப் பிழைப்புக்காகச் செயின்சா வாங்கியவரும் நுகர்வோரே. தயாரித்தவரும் விற்றவரும் மட்டுமல்ல, பழுதுபார்த்தவரும் பொருள்சார் பொறுப்புக்கு உட்பட்டவர். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவர் தப்புவார். முதலாளி வேலையிடத்துக்காக வாங்கி, தயாரிப்பாளர் அவருக்கு எச்சரிக்கை தந்திருந்தால், எச்சரிக்கைக் குறைவு என்று சொல்லித் தயாரிப்பாளரைக் கேட்க முடியாது.

அப்போது பொறுப்பு முதலாளியிடம் வருகிறது. இஎஸ்ஐ-யில் சேர்ந்த தொழிலாளிக்கு, வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இஎஸ்ஐ இல்லாதவருக்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. இழப்பீடு, இறப்புக்கு மாத ஊதியத்தில் 50 சதவீதத்தையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதத்தையும் வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. மேஸ்திரி மூலம் கூட்டிவரப்பட்டவருக்கு, தன் தொழிலுக்காக அந்த வேலையைச் செய்வித்த முதன்மை முதலாளி பொறுப்பு. பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொல்லப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறிய தொழிலாளியின் கோரிக்கையை மறுக்கலாம். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த மறுப்பும் செல்லாது. ‘ஸ்பிரே அடி’ என்று முதலாளியே சொல்லியிருந்தால் மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விபத்து எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்துத் தோப்பில் நடந்திருந்தாலும், தொழிலாளியோ குடும்பமோ வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குரிய இழப்பீட்டு அதிகாரியிடமே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தரலாம். அதற்கு வேண்டியவை: எரிந்த டின், மெஷினின் படம், வாங்கிய ரசீது, வேலையில் நேர்ந்தது என்று எழுதிய மருத்துவமனைச் சீட்டு, உடனிருந்தவரின் சாட்சியம்.