மலைத்தோட்டமும் நாகசுர மரபும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தோன்றியது. தோட்டத் தமிழர் போற்றிய கோயில் மரபின் மங்கலக் கருவி நாகசுரமாகும். தமிழகத்து நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கு ஆச்சாமரத்தைக் கடைந்து உலவு செய்வர். அதன் அடியில் அணசும், மேலே கெண்டையும் சீவாளியும் பொருத்துவர்.

மேனாட்டு ஆர்கனில் சுரத்திற்கொரு குழல் உண்டு. நாகசுரத்தில் ஒரே குழல் எல்லாச் சுரங்களையும் தருகிறது. ஆதலின் துளைகளின் அளவும் இடமும் நுட்பமாக அமைதல் வேண்டும்.

குளிரில் ஒலியின் வேகம் குறைவதால் குழற்கருவியின் சுருதி தாழும். மலைக்குளிரில் நேரும் இத்தாழ்வைக் கலைஞர் சீவாளியாலும் உதட்டழுத்தத்தாலும் ஈடுசெய்வர். துளை பிழைத்தால் அது போதாது.

முதிர்ந்த ஆச்சாமரம் இன்று அரிதாகிவிட்டது. கைத்திறன் மறையின் உலவு, அணசு, கெண்டை முதலிய தொழிற்சொற்களும் மறையும். அவற்றை வகுப்பறையில் பயிற்றுவித்தல் இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.